மூன்று ஆண்டெனாவும் அண்ணாச்சி வீட்டு மழையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் செருகும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத முட்டாள்தனத்தால், செத்து ஆறேழு மாதம் ஆகியிருந்த ஒரு மனிதரிடம் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தவன் நான். (தேறவில்லை.)

எனக்கு ஒரு வியாதி உண்டு. "தெரியாது" என்ற நாலெழுத்து வார்த்தை என் வாயில் வராது. வழி கேட்பவர்களுக்குத் தெரியாத தெருவுக்கும் வழி சொல்லுவேன். அடையாறில் யாராவது ஒருவர் என் பேச்சைக் கேட்டு இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பில். முதல் மாடியில் நாங்கள். கட்டியவருக்கு இடம் போதவில்லையோ என்னவோ, எங்கள் பின்னறை ஜன்னலை மாடிப்படிப் பக்கமாகத் திறப்பதுபோல் வைத்துவிட்டார். அதைத் திறந்தால் படியில் யார் பேசினாலும் நம் காதுக்குள் பேசுவதுபோல இருக்கும். அதனால் எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். எங்கள் மேஜைக் கம்ப்யூட்டர் இருந்தது அந்த அறையில்தான். இணைய இணைப்புப் பெட்டி இருந்தது வாசல் கூடத்தில். இரண்டுக்கும் நடுவே நடை நெடுக ஒரு கேபிள் ஓடியது. மே மாதத்தில் ஒரு நாள் எலி அதை நடுவில் கடித்துத் துண்டாக்கிவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் எலியை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி உமாவுக்கு நேர்முகத் தேர்வு இருந்தது.

உமா, எங்கள் மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். எட்டு வருடம் ஆகிவிட்டது. திரும்ப வேலைக்குப் போவதென்று முடிவு செய்து அவள் எழுதிய விண்ணப்பங்களில் பதில் வந்தது ஒன்றே ஒன்றுக்கு. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை. இணையத்தில் புடவை விற்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். முதலாளி திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்ததால் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்கு முடிகிறது, ஆகவே பன்னிரண்டு ஐந்துக்கு. இருநூறு புடவைகளைத் தேர்ந்து, வண்ணம் வாரியாகப் பிரித்து, உமா ஒரு மாதிரிக் கடையே தயாரித்து அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். அதைத் திரையில் காட்ட வேண்டும்.

"இதுவும் போச்சுன்னா, இனிமே நான் யாருக்கும் எழுதப் போறதில்லை," என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, காயைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு, எலி கடித்த கேபிளுக்கு மாற்றும் அவளே சொன்னாள். விரல் அளவில் யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் விற்கிறது, அதில் ஒன்று வாங்கி வந்தால் பத்து நிமிட வேலை என்று. நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்னையே அறையலாம்போல் இருக்கிறது.) இவ்வளவு முக்கியமான காரியத்தை விரல் அளவுப் பொருளிடம் ஒப்படைப்பதா, நீ புடவையைப் பார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் கேள்வி கேட்பவனை உடனே புதியவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், கேள்வியே கேட்காமல் ஒரு கடைக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் தெரிந்தவன்போலத் தலையை ஆட்டினேன். கடைக்காரர் மூன்று பொருளை எடுத்து வைத்தார். உமா சொன்ன விரல் ஒன்று. இரண்டு கொம்பு வைத்த பச்சை அட்டை ஒன்று. மூன்றாவது, சிவப்புக் கவசம் போட்டு, மூன்று ஆண்டெனாவை விரித்துக்கொண்டு, மல்லாந்து கிடக்கும் நண்டுபோல இருந்தது.

"ரவுட்டர் எங்க கீது, சிஸ்டம் எங்க கீது?" என்று கேட்டார்.

நடுவில் மூன்று சுவர் என்றேன். (ஒன்றரைதான்.)

"வூட்டு உபயோகம்னா இந்தச் சின்னதே போதும் சார். பெருசுல ப்ளூடூத்தும் சேர்ந்து கீது. அதுக்கு உள்ள போர்டுல தனியா ஒரு ஒயர் குத்தணும். குத்தத் தெரியுமா?"

"அதெல்லாம் பண்ணிருக்கேன்," என்றேன். நான் அதுவரை கம்ப்யூட்டரைத் திறந்ததுகூட இல்லை. நண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேற்கொண்டு போவதற்குள் எங்களுக்கு நேர் மேல் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடியில் இருந்தவர் சண்முகவேல் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். தி.நகரில் ஒரு நகைக்கடையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கடையில் செல்வாக்கு இருந்தது. அட்சய திருதியைக்குக் கடை கொடுக்கும் இலவசப் பொருளைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து, எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். நகை வாங்காத எங்களுக்கும். ஒரு வருடம் குங்குமச் சிமிழ், ஒரு வருடம் சுவர்க் கடிகாரம். இன்னொரு வருடம் தங்க நிறத்தில் கலசம்போல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

அவர் அதற்கு முந்தின ஐப்பசியில் இறந்துபோனார். அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டி வர வழியில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் எங்கள் தலைக்கு மேலே அவர் புறப்பட முடியாமல் கிடந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சாப்பிட்டோம். மழை நின்ற பிறகுதான் எடுத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் காரியங்களை முடித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு வைத்திருக்கிறேன், வருஷம் திரும்புகிறவரை அது அணையக் கூடாது, ஆகவே யாரும் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று. அன்றிலிருந்து படியேறும்போது அந்த வீட்டுக் கதவின் மேல் கண்ணாடியில் மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். பகலிலும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அக்கினி நட்சத்திரம். மகள் விடுமுறைக்கு மதுரையில் சித்தி வீட்டில். உமா, ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போயிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நண்டைச் செருகினேன். ஒரு வெள்ளை ஒயர் மிச்சம் இருந்தது. போர்டில் அது எங்கே பொருந்தியதோ அங்கே குத்தினேன். பொருந்திவிட்டதால் அதுதான் சரியான இடம் என்று முடிவு செய்தேன். பக்கவாட்டு மூடி மூடவில்லை, திறந்தே விட்டேன். இயக்கியதும் உள்ளே சிவப்பு வெளிச்சம் பரவி யாகசாலைபோல ஆனது. வைஃபை வந்தது. அதுவும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ப்ளூடூத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம் என்று தோன்றிவிட்டது. அலமாரி மேலிருந்த கலச ஸ்பீக்கரை இறக்கி, தூசு தட்டி, பொத்தானை அழுத்தினேன். ஒரு முறை மினுக்கியது. அதே சமயம் திரையில் அதன் பெயர் வந்தது. அழுத்தினேன். 'இணைக்கப்பட்டது' என்று காட்டியது. ஆனால் கலசத்தில் சத்தம் வரவில்லை. பார்த்தால் விளக்கும் அணைந்து கிடந்தது. சும்மா வந்தது சும்மாதான் இருக்கும் என்று அதைத் திரும்ப அலமாரிமேல் போட்டேன்.

பழைய ஒயர் ஸ்பீக்கர்களிலும் சத்தம் இல்லை. பெட்டியை நகர்த்தியதில் ஏதோ கழன்றிருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் இணைப்பு அறுபடாமல் நிற்குமா என்பதில்தான். தூக்கம் வராதவர்களுக்கென்று பத்து மணி நேரம் ஓடுகிற வீடியோக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை ஓடவிட்டு, திரையை அணைத்து, கூடத்துக்கு வந்து விசிறிக்கடியில் படுத்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவு தட்டும் சத்தம். கன்னியம்மா. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் குடியிருப்பில் படி கூட்டித் துடைக்கிறவர். கையில் துடைப்பம் இல்லாமல் நின்றார். அந்தப் பெண்மணி துடைப்பத்தைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை.

"சார், பெரியவரு வூட்டுக்குள்ள மய பேஞ்சிகினு கீது."

வெளியே காக்காய்கூடக் கத்தாத வெயில். எனக்குச் சிரிப்பு வந்தது. வெயிலில் காது அடைத்திருக்கும், மோர் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மோரைக் குடித்தார். ஆனால் மேல் படிகளை அன்று துடைக்கவில்லை.

புதன்கிழமையும் அதே வெயில், அதே வீடியோ, அதே நேரம். இந்த முறை கன்னியம்மாவோடு வெங்கிட்டு மாமாவும் வந்தார். அவர்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மயிலாப்பூரிலேயே பிறந்து, மந்தைவெளியை வெளியூர் என்று நினைப்பவர். பேய், பூதம் எதையும் நம்பாதவர். அவர் நம்புவதெல்லாம் குழாய் உடைப்பை மட்டும்தான்.

"பைப்பு போயிருக்கும் சேகர். வந்து பார், மனுஷா ஆத்துல இல்லேன்னா இப்படித்தான்," என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஏறினார்.

இரண்டாம் மாடி நடையில் கால் வைத்ததும் மாமா நின்றார். நானும் நின்றேன்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது.

குழாய் ஒழுகுகிற சத்தமில்லை அது. இலைமேல் விழுகிற மழை. ஓட்டில் விழுந்து சரிகிற மழை. தொலைவில் எங்கோ இடி உருண்டு, அடங்கி, மறுபடி உருண்டது. தவளை கத்தியது. மாமா குனிந்து கதவடியைத் தொட்டுப் பார்த்தார். தரை சுக்காகக் காய்ந்து கிடந்தது. பூட்டில் மகன் கட்டிவிட்டுப் போன மஞ்சள் கயிறு வெளுத்துத் தொங்கியது. மேல் கண்ணாடியில் வழக்கமான சிவப்போடு, நான் அதுவரை கவனித்திராத ஒரு நீலம் தெரிந்தது. அசையாமல், மெல்லிசாக, கண் திறந்து பார்ப்பதுபோல.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்திருக்கும். ஐப்பசி. முழங்கால் தண்ணீர். புறப்பட முடியாமல் படுத்திருந்தவர். அவருக்கு மட்டும் அந்த மழை இன்னும் நிற்கவில்லையோ?

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். ஒரே ஒரு இருமல். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இருமுவதுபோல.

நான் எப்படிக் கீழே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. (மாமாவைத் தள்ளிவிட்டு வந்ததாக அவர் சொல்கிறார்.) கதவைத் தாழிட்டேன். படுக்க வேண்டும்போல் இருந்தது, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். சற்று நேரத்தில் கன்னியம்மா வந்து, மழை விட்டுவிட்டது என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். உடல் முழுக்க வேர்வையோடு, விட்டதே என்று கும்பிட்டேன். இவ்வளவு தூரம் வந்த மூளை இன்னும் ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் உமாவிடம் மழையை மட்டும் சொன்னேன். இருமலைச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர்ல சத்தம் வருதா?"

வியாழக்கிழமை சோதித்தேன். அருமையாக வந்தது. பழைய ஒயர் ஸ்பீக்கர் இரண்டும் கணீரென்று பேசின. உமாவை உட்காரவைத்து மதுரைக்கு வீடியோ அழைப்பு போட்டு, மகளிடம் பேசவும் வைத்தேன். நான் சொன்னேனா இல்லையா என்பதுபோல அவளைப் பார்த்தேன். மேல் வீட்டிலும் அன்று மழை இல்லை. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. குழாயோடு மின்கசிவும் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, வெங்கிட்டு மாமா முந்தின நாளே அண்ணாச்சி வீட்டு மெயினை அணைத்துவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டார். விளக்கை அணைத்துவிட்டீர்களா என்று அழாத குறையாகக் கேட்டாராம். மாமா ஓடிப்போய் மெயினைப் போட்டார். சைதாப்பேட்டையில் இருக்கும் அவர்கள் உறவினர் ஒருவர் சாவியோடு வருவார், திறந்து பார்த்துவிடுங்கள் என்றும் மகன் சொன்னார். எப்போது வருவார்? அவருக்கும் ராகுகாலம் உண்டே. பன்னிரண்டுக்குமேல்.

பன்னிரண்டு அடித்தது. உமா மாம்பழ நிறப் பருத்திப் புடவையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். இடைஞ்சல் கூடாதென்று இரண்டு பேருடைய செல்போனையும் அணைத்து பீரோவுக்குள் வைத்தேன். (இதுவும் என் யோசனைதான்.) பன்னிரண்டு ஐந்து. திரையில் முதலாளி தெரிந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. உமா எழுந்து நின்று வணங்கினாள். அவர் சிரித்தார். வாயை அசைத்தார்.

சத்தம் வரவில்லை.

உமா என்னைப் பார்த்தாள். எட்டு வருடத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்த பார்வை அது. நான் மேஜைக்கடியில் பாய்ந்து கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் அழுத்தினேன். திரையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். "சார், ஒரு நிமிஷம், உங்க குரல் வரலை," என்றாள் உமா. அப்போது மாடிப்படியில் கன்னியம்மாவின் அலறல் கேட்டது. பெரியவர் பேசுகிறார், பெரியவர் பேசுகிறார் என்று.

உமா என் பக்கம் திரும்பாமலே வாசலைக் கை காட்டினாள். போய் அவர்கள் வாயை மூடு என்று அர்த்தம். ஓடினேன்.

மேலே சாவிக்காரர் இன்னும் வரவில்லை. கன்னியம்மா கதவைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். வெங்கிட்டு மாமா, பேயை நம்பாதவர், படியில் உட்கார்ந்திருந்தார். "உக்காருங்க, எதுக்கு நிக்கிய?" என்று உள்ளேயிருந்து சொன்னதும் கால் தானாக மடங்கிவிட்டதாம். கண்ணாடியில் சிவப்பும் நீலமும் இருந்தன. உள்ளே குரல் வந்தது. தெளிவான, கனமான, திருநெல்வேலிக் குரல்.

"என்னம்மா, சத்தம் கேக்குதா?"

"கேக்குது பெரியவரே," என்றார் கன்னியம்மா.

"நல்லா கேக்குதுல்லா?"

மாமா உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார்.

"சரி. உமாம்மா, மொதல்ல ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நான் கூப்பிட்டா எப்ப வாரீய? இன்னைக்குச் சொன்னா நாளைக்கே வந்திருவியளா?"

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். அங்கே நின்ற எனக்குப் புரியவில்லை. முதலாளியின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணாச்சியின் பேச்சை இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன். உச்சி வெயிலில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து, செத்துப்போன மனிதர் என் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாளைக்கே வரச் சொல்லுகிறார். அந்த நொடி எனக்குள் ஏதோ உடைந்தது. மூளையாகத்தான் இருக்கும். கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். மரம் சில்லென்று இருந்தது.

"அண்ணாச்சி, உமாவைக் கூப்பிடாதீங்க. சின்னப் பொண்ணு இருக்கா எங்களுக்கு. வேணும்னா என்னைக் கூப்பிட்டுக்குங்க."



"யாரு பேசுதது?"

பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கன்னியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

"நான்தான் அண்ணாச்சி. கீழ் வீட்டு சேகர். உமா வீட்டுக்காரன்."

"அவங்களுக்குப் பதிலா நீங்க வாரியளா?"

"வரேன் அண்ணாச்சி."

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

எமலோகத்தில் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எந்தப் புராணத்திலும் சொல்லவில்லை. வாழ்க்கை முழுவதும் கண் முன்னால் ஓடும் என்பார்கள், ஓடியது. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், அழுகையோடு, "கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் அண்ணாச்சி," என்றேன்.

உள்ளே ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு, "உமாம்மா, எட்டு வருஷமா வேலைக்குப் போகலன்னு எழுதியிருக்கியளே, என்னதான் செஞ்சிட்டிருந்திய?" என்றது குரல்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை. குரல் அறுந்துபோனது. அசையாமல் இருந்த நீலம் விட்டுவிட்டு மினுக்க ஆரம்பித்தது.

கன்னியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஒத்துக்கினாரு போல கீது சார்," என்றார்.

வெங்கிட்டு மாமா உட்கார்ந்தபடியே இரண்டு படி கீழே நகர்ந்துகொண்டார்.

சாவிக்காரர் வந்து சேர்ந்தபோது நான் சுவரில் சாய்ந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அடைத்துக் கிடந்த காற்று முகத்தில் மோதியது. ஈரமே இல்லை. கூடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அண்ணாச்சியின் படம், காய்ந்து சருகான மாலை, சிவப்பாக ஒரு சின்ன மின்விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில், அதே பிளக்கில் செருகியபடி, தங்க நிறக் கலசம் ஒன்று. நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. காரியம் நடந்த நாட்களில் படத்துக்கு முன்னால் பக்திப் பாட்டு போட்ட மகன், அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை என் திரையில் பெயர் காட்டியது என் வீட்டுக் கலசம் இல்லை. அது மினுக்கிவிட்டு அப்போதே செத்துப்போயிருந்தது. என் நண்டு மூன்று கொம்பையும் நீட்டி, கூரையைத் தாண்டி, அண்ணாச்சி வீட்டுக் கலசத்தைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து என் கம்ப்யூட்டரின் சத்தமெல்லாம் அவர் வீட்டில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்த வியாழக்கிழமையைத் தவிர.

நான் பத்து மணி நேரம் ஓடவிட்ட வீடியோ, மழை. தூக்கம் வராதவர்களுக்காகக் காட்டுக்குள் பெய்யும் மழை.

மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்போ மழை?"

"என் கம்ப்யூட்டர் மாமா."

"பேசினது?"

"உமாவோட முதலாளி."

"அண்ணாச்சி எப்போடா அவளுக்கு முதலாளி ஆனார்?" என்றார். அவருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

கீழே வந்தபோது உமா பேசி முடித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் வராதபோது படிப்பக்கமிருந்து மெலிதாகக் குரல் கேட்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்திருக்கிறாள். திரையில் அசைகிற உதடும் மாடியிலிருந்து வருகிற குரலும் ஒன்றாக இருந்திருக்கின்றன. நான் மேலே கதவைப் பிடித்துக் கதறியது ஜன்னல் வழியாக வந்து, அவளுடைய மைக்கில் ஏறி, திருநெல்வேலிக்குப் போய்விட்டது. அவர் என்னை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், உமா திரையின் மூலையில் தேடி, கலசத்தின் இணைப்பைக் கண்டுபிடித்து அறுத்திருக்கிறாள்.

எட்டு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில்: "மேல அழுதாரே சார், அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

முதலாளி வெகுநேரம் சிரித்தாராம். புடவைகளை எல்லாம் பார்த்தாராம். கடைசியில், "இப்படி ஒரு ஆள எட்டு வருஷம் சமாளிச்சவங்களுக்கு எங்க கடைல பன்னெண்டு பேரச் சமாளிக்கது பெரிய காரியமா? திங்கக்கெழம வந்திருங்க," என்றாராம்.

இப்போது உமா அந்தப் பிரிவுக்கே தலைமை. நண்டைக் கழற்றிவிட்டு, விரல் அளவில் ஒன்றை அவளே வாங்கிச் செருகினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடையில் ஏதாவது விசேஷமென்றால் நானும் போவேன். முதலாளி எங்கிருந்தாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "வே, எப்ப வாரீரு?" என்பார். கடையே சிரிக்கும். எங்கள் வீட்டில் இணையம் நின்றுபோனால் மகள் மேலே பார்த்து, "அண்ணாச்சி, அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்," என்பாள். கன்னியம்மா மட்டும் சிரிப்பதில்லை. ஸ்பீக்கர் கதையை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்தப் படியைத் துடைக்கும்போது இன்றும் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குகிறார்.

எனக்கும் ஒன்று தீரவில்லை. அந்தப் பத்து மணி நேர வீடியோவை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்து, காதில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். மழை இருக்கிறது. இடி இருக்கிறது. தவளை இருக்கிறது. இருமல் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டில் யாராவது இருமியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ரொம்ப நாளாக மனதுக்குள் வைத்திருந்தேன். நான் கேலிக்கு ஆளானது உண்மை, முட்டாள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அது விளையாட்டாக இல்லை. நிஜமாகவே எமன் என்று நினைத்துத்தான் கையை நீட்டினேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையே என்று ஒரு வருத்தம். போன வாரம் உமா வேலையிலிருந்து வந்து, காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். உனக்குப் பதிலா நான் சாகறேன்னு ஒரு மனுஷன் கதறினானே, அதைக் கேட்டப்ப உனக்கு என்னதான் தோணிச்சு என்று.

"ஜன்னலைச் சாத்தணும்னு தோணிச்சு," என்றாள்.